மொறுமொறு சுச்சூர் ஊடாங்: மலாய் பாணி இறால் பலகாரம் வீட்டிலேயே

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மாலை நேரப் பலகாரக் கடைகளில், பீசாங் கோரேங் (பொரித்த வாழைப்பழம்) தட்டுக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் குச்சாய் இலை எட்டிப் பார்க்க, மேலே ஓர் இறால் சிவந்து சுருண்டு கிடக்கும் பலகாரம்தான் சுச்சூர் ஊடாங். மாவைக் கரைத்து இறாலைப் போட்டுப் பொரிப்பதுதானே என்று தோன்றும். ஆனால் வீட்டில் செய்யும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது: எண்ணெயிலிருந்து எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் துவண்டு போகிறது, அல்லது ஆறியதும் கல்லாகிவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இறாலில், தவ்கேயில் (முளைப்பயறில்), வெங்காயத்தில், மாவில் இருக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான். கீழே சொல்லியிருக்கும் படிகளில் பாதிக்கு மேல் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதற்கானவை.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஈஸ்ட் அல்லது பேக்கிங் பவுடர் கூடுதலாகப் போட்டு உருண்டையாக விடுவது. உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும், மொறுமொறுப்பு சொற்ப நேரம்தான் நிற்கும். மற்றொன்று, குழிக்கரண்டியில் மெல்லியதாக ஊற்றி, மேலே முழு இறாலை வைத்து, கரண்டியோடு எண்ணெயில் இறக்கிப் பொரிப்பது. இங்கே சொல்வது இரண்டாவது வகை. ஓரம் முறுகலாக, நடு சற்று மிருதுவாக வரும்.

தேவையானவை (சுமார் 25 பலகாரங்களுக்கு)

- மைதா 200 கிராம் (மலேசியக் கடைகளில் ‘தெப்போங் கண்டும்’ என்று விற்பது இதுதான், சப்பாத்தி மாவு வேண்டாம்)
- பச்சரிசி மாவு 50 கிராம்
- பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி
- மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி
- வெள்ளை மிளகுத்தூள் கால் தேக்கரண்டி
- உப்பு முக்கால் தேக்கரண்டி
- சில்லென்ற தண்ணீர் 250 மில்லி. கூடுதலாக 30 மில்லி கையருகே
- சிறிய இறால் 250 கிராம்
- உலர் இறால் 2 மேசைக்கரண்டி (விருப்பம்)
- குச்சாய் 50 கிராம்
- தவ்கே 100 கிராம்
- பெரிய வெங்காயம் (சிறிய அளவில்) 1, சிவப்பு மிளகாய் 1
- பொரிக்க எண்ணெய் 750 மில்லி முதல் 1 லிட்டர் வரை

குச்சாய் என்பது பூண்டு வாசம் அடிக்கும் தட்டையான பச்சைத் தாள். கிடைக்காவிட்டால் வெங்காயத் தாளும் ஒரு பல் பூண்டு நசுக்கியதும் போதும். தவ்கே, பச்சைப்பயறை நீளமாக முளைக்கவிட்டது. வீட்டில் துணியில் கட்டி முளைகட்டும் குட்டிப் பயறு இதற்குச் சரிவராது, வேகாமல் நறுக்கென்று நிற்கும். கடலை மாவு சேர்த்தால் மணம் பஜ்ஜியின் பக்கம் சாய்ந்துவிடும். இறாலின் வாசம் அடியோடு அமுங்கிப் போகும். முட்டையும் இந்த அளவில் இல்லை. முட்டை போட்டால் பலகாரம் மிருதுவாகும், நமக்கு வேண்டியது அதற்கு எதிரானது.

தானாக உப்பும் மாவு (தெப்போங் நாயிக் செண்டிரி) மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால் பேக்கிங் பவுடரை விட்டுவிடுங்கள். பொட்டலத்தில் வரும் ஆயத்த சுச்சூர் மாவில் உப்பும் உப்ப வைக்கும் பொருளும் ஏற்கெனவே இருக்கும். அதற்கு மேல் இங்கே சொன்ன உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது.

இறாலைத் தயார் செய்வது

சுண்டுவிரல் நீளத்துக்கு உட்பட்ட இறாலே நல்லது. பெரிய இறால் வேகும் முன் மாவு கருகும். மெல்லிய பலகாரத்தில் பாரம் தாங்காமல் சாய்ந்தும் விழும். பெரியதுதான் கிடைத்தது என்றால் நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்துகொள்ளுங்கள். வெட்டிய பக்கம் மாவில் ஒட்டிக்கொள்ளும், முதுகு நரம்பும் அப்போதே வந்துவிடும்.

மிகச் சிறிய, ஓடு மெலிந்த இறாலாக இருந்தால் ஓட்டை நீக்கவே வேண்டாம். மீசை, கால், தலையின் கூர்முனை ஆகியவற்றைக் கத்தரித்துவிட்டு முழுசாகப் போடலாம். பொரிந்த ஓட்டின் முறுமுறுப்புக்குத் தனிச் சுவை. ஓடு தடிப்பாக இருந்தால் மட்டும் நீக்குங்கள், இல்லாவிட்டால் தொண்டையைக் குத்தும். ஓடு நீக்கும்போது வாலை அழகுக்காக விட்டுவைப்பவர்கள் வால் நுனியைச் சரிவாக வெட்டி, கத்தி முதுகால் வழித்துவிட வேண்டும். வாலுக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும். எண்ணெய் ‘பட்’டென்று கையில் தெறிப்பது பெரும்பாலும் அதனால்தான்.

உறைந்த இறாலை முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், சல்லடைக் கிண்ணத்தில் வைத்துக் கரையவிடுங்கள். அவசரத்துக்குத் தண்ணீரில் ஊற வைத்தால் குடித்த தண்ணீரையெல்லாம் எண்ணெயில் கக்கும். எந்த இறாலானாலும் கடைசியாகத் துணியிலோ சமையல் காகிதத்திலோ ஒற்றி ஈரம் போக்கிவிட்டு, ஒரு சிட்டிகை உப்பும் மிளகும் தூவி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உப்பில் கிடந்தால் மறுபடி நீர் விடும். பொரிப்பதற்கு முன் இன்னொரு முறை ஒற்றுங்கள்.

நீக்கிய தலையையும் ஓட்டையும் எறியாதீர்கள். 350 மில்லி தண்ணீரில் போட்டு, மிதமான தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கரண்டியால் தலைகளை நசுக்கி வடிகட்டுங்கள். நன்றாக ஆறவைத்து, குளிர்பெட்டியில் சில்லென்று ஆக்கி, மாவு கரைக்கும் தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றுங்கள். இந்த ஒரு வேலையால் மாவு முழுக்க இறால் சுவை ஏறும். நேரமில்லாதவர்களுக்கு உலர் இறால் இருக்கிறது: வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிழிந்து, கொரகொரப்பாக இடித்து மாவில் சேர்க்கலாம். அப்போது உப்பைக் கால் தேக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.

மாவு

மைதா, அரிசி மாவு, பேக்கிங் பவுடர், மஞ்சள், மிளகு, உப்பு எல்லாவற்றையும் உலர்வாகவே நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். நடுவில் குழித்து, சில்லென்ற தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, மரக்கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றினால் போதும். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், பொரியும்போது தெரியாது. கட்டியே இருக்கக்கூடாது என்று விடாமல் அடித்தால் மைதாவின் பசைத்தன்மை இழுபட ஆரம்பிக்கும். சூடாக இருக்கும்போது ரப்பர், ஆறியபின் கல் என்பது அப்படித்தான் நேர்கிறது. அரிசி மாவில் அந்தப் பசை கிடையாது. ஐந்தில் ஒரு பங்கு அரிசி மாவு சேர்ப்பதற்குக் காரணம் இதுவே. பாதிக்குப் பாதி அரிசி மாவு போட்டால் இன்னும் மொறுமொறுப்பாகும் என்று நினைக்க வேண்டாம். உதிரும், இறாலும் பிடிமானம் இல்லாமல் கழன்று வரும்.

பதம் முக்கியம். தோசை மாவைவிடக் கெட்டியாக, இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் பட்டையாக வழிய வேண்டும். வழிந்த தடம் இரண்டு மூன்று விநாடி மேலே நின்று மறைய வேண்டும். தடமே விழாவிட்டால் தண்ணீர் அதிகம், ஒரு மேசைக்கரண்டி மைதா தூவிக்கொள்ளுங்கள். கரண்டியிலிருந்து கட்டியாகப் ‘பொத்’தென்று விழுந்தால் வைத்திருக்கும் 30 மில்லியிலிருந்து சிறிது சிறிதாக ஊற்றுங்கள். முதலிலேயே முழுவதையும் ஊற்றாமல் இருப்பதற்குக் காரணம், காய்களும் நீர் விடும் என்பதுதான்.

கரைத்த மாவைப் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள். அதற்குள் எண்ணெயைக் காய வைக்கலாம். குச்சாயை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக, வெங்காயத்தை மெல்லிய வளைவுகளாக, மிளகாயை விதை நீக்கிப் பொடியாக நறுக்குங்கள். தவ்கேயைக் கழுவியதும் துணியில் பரப்பி உலர்த்த வேண்டும். இவை எல்லாம் எண்ணெய் காய்ந்தபிறகு, முதல் ஈடு போடுவதற்குச் சற்று முன்புதான் மாவில் சேர வேண்டும். உப்பு கலந்த மாவில் காய் அரைமணி நேரம் கிடந்தால் மாவு தளதளவென்று ஆகிவிடும். நிறையப் பேருக்குச் செய்வதானால் மாவையும் காயையும் இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டாவது பங்கை அப்புறமாகக் கலந்துகொள்ளுங்கள்.

சுண்ணாம்புத் தண்ணீர் பற்றி

பழைய மலாய்ச் சமையலில் பேக்கிங் பவுடருக்குப் பதிலாக வெற்றிலைச் சுண்ணாம்பு போடும் வழக்கம் உண்டு. பீசாங் கோரேங்குக்கும் இதே கைப்பக்குவம்தான். செய்து பார்க்க விரும்பினால், உண்பதற்கான வெற்றிலைச் சுண்ணாம்பு அரைத் தேக்கரண்டியை 350 மில்லி தண்ணீரில் கரைத்து, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் அளந்து எடுங்கள். அடியில் தங்கியதைக் கொட்டிவிடுங்கள். அது மாவில் சேர்ந்தால் நாக்கு வெந்துபோகும். சுவர் பூச்சுச் சுண்ணாம்பைத் தொடவே வேண்டாம். இந்த நீரும் பேக்கிங் பவுடரும் ஒன்றாக வேண்டியதில்லை. சுண்ணாம்பின் காரத்தன்மை பேக்கிங் பவுடரில் உள்ள அமிலத்தோடு மோதி அதன் வேகத்தைக் குறைத்துவிடும். இன்னொன்று: மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாவும் செம்மஞ்சளாக மாறும். கெட்டுப்போய்விட்டது என்று பதறாமல், வேண்டுமானால் மஞ்சள் தூளைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு போட்டது உப்பாது, சற்று அடர்த்தியாக இருக்கும். ஆனால் முறுகல் நெடுநேரம் நிற்கும்.

பொரிப்பது

குவாலியில், அதாவது அடி கனமான வாணலியில், நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழம் நிற்குமாறு எண்ணெய் ஊற்றுங்கள். பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. பாமாயில், நிலக்கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவும் சரி. சூடு 170 முதல் 175 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாதவர்கள் மரக்குச்சியை எண்ணெயில் நிறுத்திப் பாருங்கள்: குச்சியைச் சுற்றிச் சிறு குமிழ்கள் இடைவிடாமல் எழுந்தால் சரியான சூடு. ஒன்றிரண்டு குமிழ் சோம்பலாக வந்தால் போதாது. ஆவேசமாக நுரைத்தால் தீயைத் தணித்து இரண்டு நிமிடம் விடுங்கள்.

உள்ளே தட்டையாக இருக்கும், 8 அல்லது 9 சென்டிமீட்டர் அகலமுள்ள எவர்சில்வர் குழிக்கரண்டியை எடுத்து, எண்ணெயில் முழுக்கி ஒரு நிமிடம் சூடாக்குங்கள். இந்தப் படியை விட்டுவிடக் கூடாது. கரண்டி குளிர்ந்திருந்தால் மாவு ஒட்டிக்கொண்டு வரவே வராது. கரண்டியை எடுத்து எண்ணெயை வடித்து, இரண்டு மேசைக்கரண்டி மாவை ஊற்றி, அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். மேலே இரண்டு இறால் வைத்து விரலால் லேசாக அழுத்துங்கள். மாவு இறாலின் பாதி உயரம் வரை ஏற வேண்டும். சும்மா மேலே வைத்தால் எண்ணெயில் தனியாக நீந்தப் போய்விடும்.

கரண்டியை மெதுவாக இறக்குங்கள். முதலில் விளிம்பு வரை, பத்து விநாடி கழித்து முழுவதும். ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் ஓரம் இறுகி, பலகாரம் கரண்டியில் ஆட ஆரம்பிக்கும். சாய்த்தால் தானே வழுக்கி விழும். அடம் பிடித்தால் கத்தி நுனியை ஓரத்தில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். வெந்து இறுகும் முன் பலவந்தமாகப் பிடுங்கினால் கிழியும். விழுந்ததும் இறால் பக்கம் கீழே வருமாறு திருப்பி, மொத்தம் மூன்றிலிருந்து நான்கு நிமிடம் பொரியுங்கள். சலசலப்பு குறைந்து, குமிழ்கள் சிறுத்தால் தண்ணீர் பெரும்பாலும் வெளியேறிவிட்டது என்று பொருள். நிறத்தைவிடக் காதை நம்பலாம், ஏனென்றால் மஞ்சள் போட்ட மாவு வேகும் முன்பே வெந்தது போலத் தெரியும்.

ஒரு கரண்டி வைத்துக்கொண்டு 25 பலகாரம் செய்வது பொறுமையைச் சோதிக்கும். இரண்டு கரண்டி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். அல்லது கரண்டியே இல்லாமல், மேசைக்கரண்டியால் மாவை எடுத்து எண்ணெய்க்கு மிக அருகிலிருந்து விட்டு, உடனே கரண்டி முதுகால் தட்டையாக்கி, இறாலைப் பதியுங்கள். வடிவம் கோணல்மாணலாக வரும், ஆனால் அந்தக் கோணல் ஓரங்கள்தான் அதிகம் முறுகும். 24 சென்டிமீட்டர் வாணலியில் ஒரு ஈட்டுக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். கூட்டமாகப் போட்டால் சூடு சட்டென்று இறங்கி, மாவு எண்ணெய் குடிக்கும்.

எடுத்ததைக் காகிதத்தில் குவிக்காதீர்கள். அடியில் ஆவி கட்டிக்கொண்டு முறுகலை அழித்துவிடும். சல்லடைக் கரண்டியில் பத்து விநாடி பிடித்து எண்ணெய் வடித்தபின், கம்பித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மூடி போடுவது அறவே கூடாது.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் இரண்டு முறை பொரிப்பது உத்தமம். முதல் முறை இளமஞ்சளாக, மூன்று நிமிடத்தில் எடுத்து ஆறவிடுங்கள். வந்தவர்கள் உட்கார்ந்ததும் எண்ணெயை 190 டிகிரிக்கு ஏற்றி, 45 விநாடியிலிருந்து ஒரு நிமிடம். ஆறும்போது உள்ளிருந்து மேல்தோலுக்கு வந்த ஈரம் இரண்டாம் சூட்டில் வெளியேறிவிடும். அரைமணி நேரம் மொறுமொறுப்பு நிற்கும்.

சரியாக வராதபோது

எண்ணெய் சொட்டச் சொட்ட வருகிறதா? சூடு குறைவு, அல்லது மாவு தளர்வு. பேக்கிங் பவுடர் அளவுக்கு மீறினாலும் மாவு ஓட்டையோட்டையாகி எண்ணெயை உறிஞ்சும். ‘இன்னும் கொஞ்சம் போட்டால் நன்றாக உப்புமே’ என்ற ஆசை இங்கே உதவாது. வெளியே கருத்து, நடுவில் மாவு பச்சையாக இருந்தால் கனம் அதிகம் அல்லது தீ அதிகம். உருண்டையாக விட விரும்புகிறவர்கள் நடுவில் குச்சியால் ஓர் ஓட்டை போட்டுவிட்டால் உள்பக்கம் சீராக வேகும்.

இறால் கழன்று வந்தால் அது ஈரமாக இருந்திருக்கும். ஒற்றிய இறாலைச் சிறிது உலர்ந்த மைதாவில் புரட்டி வைத்தால் பிடித்துக்கொள்ளும். தவ்கே கரியாகிக் கசந்தால் அது மாவுக்கு வெளியே நீண்டிருக்கிறது, நீளத்தைப் பாதியாக ஒடித்துப் போடுங்கள். சாப்பிடும்போது சோப்பு மாதிரி ஒரு சுவை வந்தால், பேக்கிங் பவுடர் என்று நினைத்துச் சமையல் சோடாவைப் போட்டிருக்கலாம், டப்பாவைப் பாருங்கள்.

தொட்டுக்கொள்ள

பாட்டில் மிளகாய் சாஸ் போதும் என்பவர்கள் போதும் என்று இருக்கலாம். ஆனால் இதற்குப் பொருத்தம் கச்சான் குழம்பு, அதாவது குவா காச்சாங் எனும் வேர்க்கடலைக் குழம்பு. பத்துக் காய்ந்த மிளகாயை விதை உதிர்த்து வெந்நீரில் ஊறவைத்து, ஐந்து சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு தண்டு செராயின் வெண்பகுதி (எலுமிச்சைப் புல்) ஆகியவற்றோடு நைசாக அரையுங்கள். நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் சிறு தீயில் வதக்க வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை, கிட்டத்தட்ட எட்டுப் பத்து நிமிடம் ஆகும்; பாதியில் தண்ணீர் ஊற்றினால் மிளகாயின் பச்சை வாடை கடைசி வரை போகாது. பிறகு 350 மில்லி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி புளியைக் கரைத்த சாறு, 45 கிராம் குலா மெலாக்கா (இல்லாவிட்டால் பனைவெல்லம்), உப்பு சேர்த்துக் கொதி வந்ததும், வறுத்துத் தோல் நீக்கிக் கொரகொரப்பாகப் பொடித்த 150 கிராம் வேர்க்கடலையைக் கொட்டுங்கள். அடிபிடிக்காமல் கிளறி, விளிம்பில் எண்ணெய் மினுங்கியதும் இறக்குங்கள். ஆறியதும் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணைப்பது நல்லது. கடலையை மாவாக அரைத்துவிட்டால் கூழாகிவிடும். பல்லில் கடிபட வேண்டும்.

மீந்தால்

பினாங்கில் பாசெம்பூர் என்ற கலவை உணவில் சுச்சூர் ஊடாங்கைத் துண்டாக்கி, வெள்ளரி, செங்குவாங் கிழங்கு, பொரித்த தவ்ஹு (டோஃபு), அவித்த முட்டை ஆகியவற்றோடு கலந்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுக் கெட்டியாக்கிய இனிப்புக் காரக் குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். மறுநாளைக்கு மீந்ததை அப்படித் தீர்ப்பது மிகச் சுலபம், குழம்புக்கு மேலே சொன்ன கச்சான் குழம்பே போதும்.

குளிர்பெட்டியில் மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைக்கலாம். மைக்ரோவேவில் சுட வைத்தால் தோல் மாதிரி இழுபடும். ஏர் ஃபிரையரில் 180 டிகிரியில் நான்கைந்து நிமிடம், அல்லது எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் வாட்டலாம். உறைய வைப்பதானால் முதல் பொரிப்போடு நிறுத்தி, ஆறியதும் தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் அடைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கரையவிடாமல் அப்படியே 175 டிகிரி எண்ணெயில் போட்டால் மூன்று நிமிடத்தில் பழையபடி வரும். மேலே பனித்தூள் ஒட்டியிருந்தால் மட்டும் முதலில் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தெறிக்கும்.

பொரித்த எண்ணெயை ஆறியதும் துணியில் வடிகட்டி, இன்னொரு முறை மீன் பொரிக்கவோ சம்பல் வதக்கவோ வைத்துக்கொள்ளலாம். இறால் வாசம் ஏறியிருக்கும், வடைக்கு எடுக்காதீர்கள்.